கம்ப்யூட்டரில் இடத்தை விழுங்குவது யார், தெரியுமா?

2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 கார் தொழிற்சாலைகளும் நின்றுபோயின. பூகம்பம் இல்லை. வேலைநிறுத்தம் இல்லை. ஹேக்கர்களின் கைவரிசையும் இல்லை. காரணம் என்ன தெரியுமா? டிஸ்க்கில் இடம் இல்லை!

உதிரிபாகங்களுக்கு ஆர்டர் அனுப்பும் சர்வர்களில் ஆகஸ்ட் 27 அன்று வழக்கமான பராமரிப்பு நடந்தது. டேட்டாபேஸில் சேர்ந்து கிடந்ததை அழித்து ஒழுங்குபடுத்தும் வேலை. அதாவது, சுத்தம் செய்யும் வேலை! நடுவில் இடம் போதாமல் போய் சிஸ்டம் நின்றது. மாற்று ஏற்பாடும் அதே சிஸ்டத்தில் ஓடியதால் அதுவும் கூடவே விழுந்தது. கொள்ளளவு கூடிய சர்வருக்கு டேட்டாவை மாற்றிய பிறகுதான் மறுநாள் கார்கள் மீண்டும் உருவாகத் தொடங்கின. இடத்தைக் காலி செய்வதற்கும் கொஞ்சம் இடம் வேண்டும் என்பதை இதைவிடப் பெரிய விலை கொடுத்து யாரும் கற்றிருக்க மாட்டார்கள்.

நம் வீட்டு லேப்டாப்புக்கு வருவோம். சி டிரைவின் பட்டை சிவப்பாகிறது. உடனே கையில் அகப்பட்டதை அழிக்கிறோம். நாலு பழைய கடிதம், பத்துப் படம், இரண்டு பாட்டு. பட்டை அசைவதே இல்லை! ஏன் தெரியுமா? இடத்தைத் தின்பவை பெரும்பாலும் நம் கண்ணில் படும் இடத்தில் இருப்பதில்லை. ஒரு கணக்குப் பாருங்கள். திருக்குறளின் 1330 குறளையும் தமிழ் யூனிகோடில் தட்டச்சு செய்து சேமித்தால் அரை மெகாபைட்டைத் தாண்டாது. ஐபோனில் 4கே தரத்தில், நொடிக்கு 30 ஃபிரேம் வீதம் ஒரு நிமிடம் வீடியோ எடுத்தால் சுமார் 170 எம்பி. ஒரு நிமிடக் கல்யாண வீடியோ இருக்கும் இடத்தில் 300 திருக்குறளுக்கு மேல் அடுக்கலாம்! எழுத்தை அழித்து இடம் பிடிக்க நினைப்பவர் வருடம் முழுக்க அழித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அப்படியானால் எதை அழிப்பது? முதலில் எதையும் அழிக்கக் கூடாது. அளக்க வேண்டும்.

1 டிபி வாங்கினேன், 931தானே இருக்கிறது!

புது ஹார்டு டிஸ்க் வாங்கி விண்டோஸில் மாட்டியவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி இது. கடைக்காரர் ஏமாற்றவில்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். 1 டிபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. அதே பைட்டுகளை 1024ஆல் மூன்று முறை வகுத்துப் பாருங்கள், 931 வரும். 500 ஜிபி டிஸ்க் 465 ஆகத் தெரிவதும், 256 ஜிபி எஸ்எஸ்டி 238 ஆகத் தெரிவதும் இதனால்தான். ஒரு பைட்கூடக் காணாமல் போகவில்லை!

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1998இலேயே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்கென்று கிபிபைட், மெபிபைட் என்று தனிப் பெயர்களே வைத்துவிட்டது. மேக் கம்ப்யூட்டர்கள் 2009இல் வந்த ஸ்னோ லெப்பர்டு பதிப்பிலிருந்து ஆயிரக் கணக்குக்கே மாறிவிட்டன. விண்டோஸ் இன்றும் 1024ஆல் வகுத்துவிட்டு, பக்கத்தில் ஜிபி என்றே எழுதுகிறது. ஒரே டிஸ்க்கை இரண்டிலும் மாட்டினால் இரண்டு எண்! என்னைக் கேட்டால், விண்டோஸ் இதை எப்போதோ திருத்தியிருக்க வேண்டும்.

இந்த எண்களைப் பார்த்து மனம் சோர்பவர்கள் 1956ஐ நினைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு ஐபிஎம் வெளியிட்ட ராமாக்தான் வணிகத்துக்கு வந்த முதல் ஹார்டு டிஸ்க். 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள், மொத்த எடை ஏறக்குறைய ஒரு டன். அதில் எவ்வளவு கொள்ளும் தெரியுமா? 50 லட்சம் எழுத்துகள், இன்றைய கணக்கில் நாலு எம்பிக்கும் குறைவு. உங்கள் செல்போன் எடுக்கும் ஒரே ஒரு நல்ல புகைப்படத்துக்கு ஒரு டன் இயந்திரம்!

ஃபுல்லான டிஸ்க்கிலிருந்து பிறந்த படம்

பங்குச் சந்தைச் செய்திகளில் பச்சையும் சிவப்புமாகக் கட்டங்கள் நிறைந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். பெரிய கம்பெனிக்குப் பெரிய கட்டம், சிறியதற்குச் சிறிய கட்டம். அதன் பெயர் ட்ரீமேப். அது எங்கே பிறந்தது தெரியுமா? டிஸ்க்கில் இடம் தீர்ந்துபோன ஒரு ஆய்வுக்கூடத்தில்!

1990. அமெரிக்காவின் மேரிலேண்ட் பல்கலைக்கழகம். மனிதன், கம்ப்யூட்டர் உறவை ஆராயும் கூடத்தில் ஒரே ஒரு 80 எம்பி ஹார்டு டிஸ்க். 14 பேருக்குப் பொது. அது அடிக்கடி நிரம்பிவிடும். யார் எவ்வளவு பிடித்து வைத்திருக்கிறார், எந்த ஃபோல்டரின் அடியில் எது கிடக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. பேராசிரியர் பென் ஷ்னைடர்மன் இதற்கு ஒரு வழி காண வேண்டும் என்று வெறியாகவே இருந்தார். ஃபோல்டர்களைக் கிளை கிளையாக வரைந்தால் படம் திரையைவிட்டு வெளியே ஓடுகிறது. எத்தனை ஃபைல் இருந்தாலும் ஒரே திரைக்குள் அடங்க வேண்டுமே!

ஒரு நாள் ஆசிரியர் ஓய்வறையில் இருக்கும்போது பொறி தட்டியது. திரையை வயலில் பாத்தி கட்டுவதுபோலப் பிரித்துவிட்டால்? முதல் அடுக்கு ஃபோல்டர்களுக்கு நெடுக்காகப் பிரி. அதற்குள் இருப்பவற்றுக்குக் குறுக்காகப் பிரி. அதற்குள் மீண்டும் நெடுக்காக. பெரிய ஃபைலுக்குப் பெரிய கட்டம். அவ்வளவுதான்! இது எப்போதும் சரியாக வருமா என்று தன்னையே நம்பவைத்துக்கொள்ள அவருக்குச் சில நாட்கள் பிடித்தன. எழுதிய நிரல் எத்தனை வரி தெரியுமா? ஆறே வரி! அவருடைய மாணவர் பிரையன் ஜான்சன் அதை மேக்கில் ஓடும் மென்பொருளாக்கினார்.

பிறகு நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யார்கே வான் வைக்கும் உடன் இருந்தவர்களும் 1999இல் அந்தக் கட்டங்களுக்கு மெத்தைபோல் ஒளியும் நிழலும் கொடுத்தார்கள். நீளமான ஒல்லிக் கட்டங்களைச் சதுரமாக்கவும் வழி கண்டார்கள். விண்டோஸில் இன்று பலரும் பயன்படுத்தும் வின்டர்ஸ்டாட் அந்த மரபில் வந்ததுதான். லினக்ஸில் இருந்த கேடைர்ஸ்டாட்டைப் பார்த்து உருவானது. வலையில் இலவசமாகக் கிடைக்கிறது.

இதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். திரையின் அடிப்பாகத்தில் வண்ண வண்ணமாகக் கட்டங்கள் எழும். எங்கோ ஒரு மூலையில் தனியாக ஒரு பெரிய கட்டம் பளிச்சென்று தெரியும். அதைத் தொட்டால் மேலே உள்ள பட்டியலில் அந்த ஃபைல் எந்த ஃபோல்டருக்குள் எத்தனை அடுக்கு ஆழத்தில் இருக்கிறது என்று நேரே திறந்து காட்டும். மூன்று வருடத்துக்கு முன் பார்த்து முடித்த திரைப்படமாக இருக்கும். பழைய போனின் பேக்கப்பாக இருக்கும். ஒரே நிறத்தில் பொடிப்பொடியாகப் பெரிய பரப்பு தெரிந்தால் அது புகைப்படக் குவியல். தனிப்பட்ட ஃபைல் எதுவும் பெரிதல்ல, மொத்தமாகச் சேர்ந்துதான் இடம் பிடித்திருக்கிறது. இந்த வித்தியாசத்தை எந்தப் பட்டியலும் இவ்வளவு சீக்கிரம் காட்டாது.

விஸ்ட்ரீ என்று இன்னொன்று. மற்ற மென்பொருள்கள் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து எண்ணிக்கொண்டிருக்கும்போது இது சில நொடிகளில் முழு டிரைவையும் ஒப்பித்துவிடும். எப்படித் தெரியுமா? என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த ஒவ்வொரு டிரைவிலும் எல்லா ஃபைல்களின் பெயரும் அளவும் எழுதிய ஒரு தலைமைப் பதிவேடு இருக்கிறது. விஸ்ட்ரீ ஃபோல்டர்களுக்குள் போவதே இல்லை. அந்தப் பதிவேட்டை நேரடியாக வாசித்துவிடுகிறது!

எதையும் புதிதாக நிறுவ விருப்பம் இல்லையா? விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போங்கள். எந்த வகை எவ்வளவு என்று அங்கேயே தெரியும். ஒரு எச்சரிக்கை: தற்காலிக ஃபைல்கள் என்ற பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் ஒரு வரியாக நிற்கும். எல்லாவற்றுக்கும் டிக் போட்டு அழித்தால் நீங்கள் இறக்கி வைத்த சான்றிதழ்களும் ரசீதுகளும் சேர்ந்து போய்விடும்.

கண்ணுக்குத் தெரியாத பெரிய கட்டங்கள்

அளந்து பார்த்ததும் பலர் பதறுவது இங்கேதான். சி டிரைவில் நாம் வைக்காத, எக்ஸ்ப்ளோரரில் சாதாரணமாகத் தெரியாத பெரிய பெரிய ஃபைல்கள்!

ஹைபர்ஃபில் என்று ஒன்று. லேப்டாப்பை ஹைபர்னேட்டில் போட்டால் ரேமில் உள்ளதை அப்படியே எழுதி வைக்கும் இடம். இன்றைய விண்டோஸில் இது வழக்கமாக ரேமின் அளவில் சுமார் 40 சதவீதம். 16 ஜிபி ரேம் என்றால் 6 ஜிபிக்கு மேல்! ஹைபர்னேட்டை அணைத்துவிட்டால் இந்த ஃபைல் மறைந்துவிடும்; கூடவே வேகமாகத் தொடங்கும் வசதியும் போய்விடும். 128 ஜிபி எஸ்எஸ்டி வைத்திருப்பவருக்கு இது நல்ல பேரம். 1 டிபி வைத்திருப்பவர் தொட வேண்டியதே இல்லை. பேஜ்ஃபைல் என்பது ரேம் போதாதபோது கைகொடுப்பது. அதை விட்டுவிடுங்கள்.

விண்டோஸைப் பெரிய அளவில் புதுப்பித்த பிறகு விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டர் முளைக்கும். பழைய விண்டோஸ் முழுசாக உள்ளே இருக்கும், திரும்பிப் போக நினைத்தால் வழி வேண்டுமே என்று. 10 நாள் கழித்து அதுவே அழிந்துவிடும். அவசரப்பட வேண்டாம்.

எல்லாவற்றிலும் பெரிய அதிசயம் வின்எஸ்எக்ஸ்எஸ். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் இதன் அளவைப் பார்த்தவர்கள் தலையில் கை வைப்பார்கள். ஆனால் அந்த எண்ணை நம்பக் கூடாது, தெரியுமா? ஒரே ஃபைலுக்கு இரண்டு இடத்தில் இரண்டு பெயர் இருக்கலாம் என்பது என்டிஎஃப்எஸ்ஸின் விதி. ஹார்டு லிங்க் என்பார்கள். டிஸ்க்கில் ஃபைல் ஒன்றுதான். விண்டோஸின் வேறொரு ஃபோல்டரில் ஒரு பெயர், இங்கே ஒரு பெயர். எக்ஸ்ப்ளோரர் இரண்டு இடத்திலும் தனித்தனியாக எண்ணிவிடுகிறது. உண்மையில் வின்எஸ்எக்ஸ்எஸ் பிடித்திருக்கும் இடம் காட்டும் எண்ணைவிடக் குறைவு. பெரிதாகத் தெரிகிறதே என்று கையால் அழித்தீர்களோ, மறுமுறை விண்டோஸ் தொடங்காமலே போகலாம். இதைச் சுத்தம் செய்ய விண்டோஸின் டிஸ்க் கிளீனப்பிலேயே வழி இருக்கிறது. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டரையும் பார்க்க மறக்காதீர்கள். பிரவுசரின் கேஷ், அரட்டை மென்பொருள்கள் இறக்கி வைத்த படங்கள், எப்போதோ நீக்கிய மென்பொருள் விட்டுச் சென்ற மிச்சம் என்று எல்லாம் அங்கேதான். ஐபோனைக் கம்ப்யூட்டரில் பேக்கப் எடுப்பவர்கள் மொபைல்சிங்க் என்ற ஃபோல்டரைத் தேடிப் பாருங்கள். இரண்டு போனுக்கு முன்னால் வைத்திருந்த போனின் பேக்கப்கூடப் பத்து, இருபது ஜிபி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். விற்றே போன போன்!

மூன்று எழுத்து, 128 கேபி!

இப்போது சொல்வதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்க்கலாம். நோட்பேடைத் திறந்து ‘தமிழ்’ என்று மட்டும் அடித்துச் சேமியுங்கள். ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். அளவு 15 பைட் என்று இருக்கும். யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறி. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். சரி. அதன் கீழே டிஸ்க்கில் எடுக்கும் இடம் என்ற வரியைப் பாருங்கள். பூஜ்யம்! ஃபைல் இருக்கிறது, திறந்தால் எழுத்து இருக்கிறது, இடம் மட்டும் எடுக்கவில்லை! மர்மம் ஒன்றுமில்லை. முன்பு சொன்ன தலைமைப் பதிவேட்டில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கட்டம் உண்டு. சில நூறு பைட்டுக்குள் இருக்கும் ஃபைலை என்டிஎஃப்எஸ் அந்தக் கட்டத்துக்குள்ளேயே எழுதிவிடும்.

அதே ஃபைலை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த 64 ஜிபி பென் டிரைவுக்கு காப்பி செய்து, மீண்டும் ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். அளவு அதே 15 பைட். டிஸ்க்கில் எடுக்கும் இடம் 128 கேபி! டிரைவ் இடத்தைப் பைட் பைட்டாகக் கொடுப்பதில்லை. கிளஸ்டர் என்ற துண்டு துண்டாகத்தான் கொடுக்கும். சி டிரைவில் ஒரு துண்டு வழக்கமாக 4 கேபி. 32 ஜிபிக்கு மேற்பட்ட எக்ஸ்ஃபேட் பென் டிரைவில் 128 கேபி. ஒரு பைட் இருந்தாலும் ஒரு துண்டு முழுசாகப் போய்விடும். இப்படிப்பட்ட பொடி ஃபைல்கள் 10,000 இருந்தால் 1.2 ஜிபிக்கு மேல் வீண். ‘ஃபோல்டர் 50 எம்பிதான், பென் டிரைவில் கொள்ளவில்லை’ என்று புலம்பியவர்களுக்கு விடை இதுதான். எல்லாவற்றையும் ஒரே ஜிப் ஃபைலாக்கிக் காப்பி செய்யுங்கள். கொள்ளும், வேகமாகவும் போகும்.

ஜிப் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். 42 கேபி அளவில் ஒரு ஜிப் ஃபைல் உலகில் பிரபலம். அடுக்கடுக்காகப் பிரித்துக்கொண்டே போனால் எவ்வளவு விரியும் தெரியுமா? 4.5 பெட்டாபைட்! 1 டிபி டிஸ்க் 4500 வாங்கினாலும் அத்தனையும் நிரம்பும். டிஸ்க்கை நிரப்பி இயந்திரத்தைச் செயலிழக்க வைப்பதற்கென்றே யாரோ செய்த வெடிகுண்டு அது. தெரியாதவர் அனுப்பும் சின்ன ஃபைல் சின்னதுதான் என்று நம்பிவிடாதீர்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு நேர் எதிரான அதிசயம். 10 ஜிபி வீடியோவை அதே டிரைவில் டூப்ளிகேட் செய்து பாருங்கள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், இடமும் குறையாது! 2017இல் மேக் கம்ப்யூட்டர்களுக்கு வந்த ஏபிஎஃப்எஸ் என்ற ஃபைல் முறை, பிரதி எடுப்பதில்லை. ஒரே பைட்டுகளுக்கு இன்னொரு உரிமையாளரைச் சேர்க்கிறது. ஒன்றைத் திருத்தினால், திருத்திய பகுதி மட்டும் புது இடம் எடுக்கும். இதன் மறுபக்கத்தையும் யோசியுங்கள்: இரண்டில் ஒன்றை அழித்தால் ஒரு எம்பிகூடத் திரும்பக் கிடைக்காது. அழித்தும் இடம் வரவில்லை என்று குழம்புபவர்கள் மேக்கின் பேக்கப் மென்பொருளான டைம் மெஷின் அதே டிஸ்க்கில் எடுத்து வைக்கும் ஸ்னாப்ஷாட்களையும் கவனிக்க வேண்டும்.

அழித்தாயிற்று, இடம் எங்கே?

லினக்ஸ் சர்வர் பார்க்கும் நண்பர்களிடம் டியு, டிஎஃப் என்று சொல்லிப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். இரண்டும் 1971இல் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த யூனிக்ஸின் முதல் பதிப்பிலேயே இருந்த கட்டளைகள். அரை நூற்றாண்டு தாண்டியும் நாள்தோறும் ஓடுகின்றன! டியு ஒவ்வொரு ஃபைலாகக் கூட்டிச் சொல்லும். டிஎஃப் டிஸ்க்கைக் கேட்டுச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்தானே? பல நேரம் ஒத்துப்போகாது! டிஎஃப் டிஸ்க் நிரம்பிவிட்டது என்கிறது. டியு பாதிதான் என்கிறது. மீதி?

யாரோ ஒரு பெரிய லாக் ஃபைலை அழித்திருப்பார்கள். ஆனால் அதில் எழுதிக்கொண்டிருந்த நிரல் இன்னும் அதைத் திறந்தே வைத்திருக்கும். யூனிக்ஸில் அழிப்பது பெயரைத்தான். பைட்டுகள், கடைசியாகப் பிடித்திருப்பவர் விடும்வரை அங்கேயே இருக்கும். பெயர் இல்லாததால் டியுவின் கண்ணில் படாது. அந்த நிரலை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டால் போதும், ஒரே நொடியில் பல ஜிபி திரும்பி வரும்! அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் ஓடுகிற லாக் ஃபைலை அழிக்க மாட்டார்கள், உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்வார்கள்.

லினக்ஸின் எக்ஸ்ட்4 டிரைவ்களில் வழக்கமாக 5 சதவீதம் நிர்வாகிக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும் என்பதும் பலருக்குத் தெரியாது. 1 டிபியில் 50 ஜிபி! டிஸ்க் நிரம்பினாலும் நிர்வாகி உள்ளே வந்து சரிசெய்ய இடம் வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். இன்னொரு விசித்திரம், டிஸ்க்கில் பாதி காலியாக இருக்கும்போதே ‘இடம் இல்லை’ என்று சொல்வது. ஃபைல்களின் எண்ணிக்கைக்கும் அங்கே ஒரு வரம்பு உண்டு. பொடி ஃபைல்கள் லட்சக்கணக்கில் பெருகினால் இடம் இருக்கும், புது ஃபைலுக்குப் பதிவு எண் இருக்காது!

எண்ணிக்கையும் ஆளைக் கொல்லும் என்பதை நாசா செவ்வாய் கிரகத்தில் பார்த்தது. 2004 ஜனவரி தொடக்கத்தில் ஸ்பிரிட் என்ற ஊர்தி குசெவ் பள்ளத்தில் இறங்கியது. ஜனவரி 21 அன்று பேச்சை நிறுத்திவிட்டது. பிறகு விட்டுவிட்டு ஏதோ பீப் ஒலி. ஊர்தி தானாகவே அணைந்து அணைந்து மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தது, 60 தடவைக்கு மேல்! இரவில் உறங்க வேண்டியது உறங்காமல் பேட்டரியைத் தீர்த்துக்கொண்டிருந்தது. கலிஃபோர்னியாவில் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்துப் பொறியாளர்கள் கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இயந்திரத்தின் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும்.

காரணம் என்ன தெரியுமா? ஊர்தியில் 256 எம்பி ஃபிளாஷ் மெமரி. அது நிரம்பவில்லை. ஆனால் பூமியிலிருந்து செவ்வாய்க்குப் போன ஏழு மாதப் பயணத்தில் சேர்ந்த ஃபைல்களும் இறங்கிய பின் சேர்ந்தவையுமாக ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. தொடங்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஃபைல்களின் பட்டியலை ரேமில் ஏற்ற வேண்டும். பட்டியல் கொள்ளவில்லை. உடனே கோளாறு, உடனே மறுபடி தொடக்கம், மறுபடி அதே பட்டியல்! ஃபிளாஷைத் தொடாமலே தொடங்கு என்று பூமியிலிருந்து கட்டளை போனது. ஊர்தி கேட்டது. பயண காலத்து ஃபைல்களை அழித்தார்கள், பிறகு ஃபிளாஷ் முழுவதையும் ஃபார்மேட் செய்தார்கள். 90 செவ்வாய் நாட்கள் உழைத்தால் போதும் என்று அனுப்பப்பட்ட ஸ்பிரிட் 2010 மார்ச்வரை பூமியோடு பேசியது!

நம் வீட்டில் இவ்வளவு சிக்கல் இல்லை. டெலிட் அழுத்தியும் இடம் வராததற்குப் பெரும்பாலும் ரீசைக்கிள் பின்தான் காரணம். அங்கே போன ஃபைல் அதே டிரைவில் வேறு பெயரில் இருக்கிறது. காலி செய்தால்தான் இடம். மேக்கில் மாட்டிய பென் டிரைவை விண்டோஸில் மாட்டும்போது ‘ஒன்றுமே இல்லை, ஆனால் ஃபுல்’ என்று காட்டினால், மேக்கின் ட்ராஷ் அந்த பென் டிரைவுக்குள்ளேயே மறைவாக இருக்கிறது என்று பொருள். மீண்டும் மேக்கில் மாட்டி ட்ராஷைக் காலி செய்யுங்கள், தீர்ந்தது. ஒன்டிரைவ் பயன்படுத்துபவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மேக அடையாளம் உள்ள ஃபைல் உங்கள் டிஸ்க்கில் இடம் எடுப்பதில்லை, அதை அழித்து லாபம் இல்லை. அழித்தால் எல்லாக் கருவிகளிலிருந்தும் போய்விடும். இடம் மட்டும் வேண்டும் என்றால் ரைட் கிளிக் செய்து, ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய ஹார்டு டிஸ்க்கில் தவறுதலாக அழித்த படங்களை மீட்டுக் கொடுத்தவர்கள் உண்டு. மேலே வேறு எதுவும் எழுதப்படாதவரை பைட்டுகள் அங்கேயே கிடக்கும். இன்றைய எஸ்எஸ்டிகளில் அந்த நம்பிக்கை வேண்டாம். ஃபைல் அழிந்ததும் ட்ரிம் என்ற கட்டளை போய், அந்த இடத்தை டிரைவே துடைத்துவிடுகிறது. விண்டோஸ் 7 காலத்திலிருந்தே இப்படித்தான். ஆகவே அளந்து பார்த்து, பெரிய கட்டத்தைக் கண்டுபிடித்து, டெலிட்டில் விரல் வைப்பதற்கு முன் அப்பா அம்மாவின் படங்களையும் குழந்தைகளின் வீடியோக்களையும் இன்னொரு டிரைவில் எடுத்து வைத்து, அது திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். எஸ்எஸ்டியிலிருந்து போன படத்தைப் பெரும்பாலும் எந்தக் கடைக்காரராலும் மீட்டுத் தர முடியாது.